அக்கா அழுத ரீல்

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். வெல்டிங் புகை. நாக்கில் இரும்பாய் ஒட்டும் இதே கருகல் வாசனைதான் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையின் ஆபரேட்டர் அறையிலிருந்தும் வரும். உள்ளே புரொஜக்டரில் கார்பன் குச்சி எரியும். அந்த வெளிச்சத்தில்தான் என் அக்கா திரையில் வந்தாள். வந்தாள் என்றா சொன்னேன்? பாதி வந்தாள்.

எடப்பாடிப் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு நடிக்கப் போனவள். கதாநாயகிக்குப் பின்னால் சிரிக்கும் தோழி, ஊசியே போடாத நர்ஸ், கல்யாணக் கூட்டத்தில் தட்டு ஏந்தும் பெண். அய்யன், எங்கள் அப்பா, அவளோடு பேச்சை விட்டிருந்தார். பிறகு ஒரு படத்தில் அவளுக்கே அவளுக்கென்று ஒரு காட்சி. கிளப்பில் ஆடுகிற பெண், செத்துப்போன தன் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். எங்கள் கொட்டகையில் அந்தப் படத்தின் கடைசி நாளன்று அக்கா வந்து வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒரே ஒருக்கா வந்து பாருங்கய்யா. பாத்துட்டு வேண்டாம்னா, இந்த ஊட்டுப் படிய இனி மிதிக்கலீங்க."

அய்யன் துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டகைக்குக் கிளம்பினார்.

எங்கள் ஊரில் படம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கிணறுகள்தான் முடிவு செய்தன. ராத்திரி மும்முனைக் கரண்ட் வரும் முறையென்றால் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் கிணற்று மோட்டார் போட ஓடவேண்டும். நுழையும்போதே ஆபரேட்டரிடம் சொல்லிவிடுவார்கள். அவரும் பாட்டையும் சண்டையையும் தொடாமல், அழுகிற இடங்களைத் தூக்கிவிடுவார்.

திரையில் அக்கா கையில் கோப்பையோடு ஆடினாள். மணலில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து விசில். "உங்கூட்டுப் புள்ளையாட்டம் இருக்குதுங்களே மாமா!" என்று அய்யனைப் பார்த்து ஒருவன் கத்தினான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு கண்ணு, இப்ப வரும்."

சண்டைதான் வந்தது. அதன் பின் இன்னொரு சண்டை. படம் முடிந்து விளக்கு போட்டபோது அய்யனின் நாற்காலி காலி.

அக்கா போய்க் கேட்டதற்கு ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "உங்கய்யன்தானுங்க உள்ள வரையில, கரண்ட் வந்துருமுன்னு சுருக்கா முடிக்கச் சொன்னாரு. அழுவாச்சிய எடுத்துட்டனுங்க அம்மிணி."

காலையில் அக்கா அதை அய்யனிடம் சொன்னாள். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "வெட்டறாப்பல இருந்ததத்தான் வெட்டியிருப்பான்." படப்பெட்டி அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகும் அக்கா நடித்தாள். அழுவதற்கு யாரும் அழைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் டிவி வந்தது. ஏதோ நாடகத்தில், புள்ளிமழைக்கு நடுவே, காபித் தட்டோடு அவள் வந்தாள். அய்யன் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்பினார். திருப்பிவிட்டு இறங்குவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

எனக்குள் ஓயாமல் ஓடுவதென்னவோ படம் பார்த்த மறுநாள் காலைதான். சேலம் பஸ் புளியமரத்தடியில் நின்று உறுமுகிறது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எங்கள் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீர் பாயாமல் வெளுத்துக் கிடந்தது.

"ராத்திரி கரண்ட் வந்துச்சா கண்ணு?"

"வர்லீங்க்கா."