அப்பா திரும்பப் பெறாத படம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலர் வேலையைத் தொடங்கியதுமே சொந்தக்காரர்கள் சிலர், “அந்தப் படத்த மட்டும் போட்டுடாதம்மா, எதுக்கு வம்பு?” என்றார்கள். எந்தப் படம் என்று தெரியாத இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அண்ணாகிராமம் பக்கத்தில், முந்திரி விவசாயக் குடும்பத்தில். கடலூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் கார்ட்டூனிஸ்டாகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். உள்ளூர்த் தலைவர்களின் முகத்தை வரையவே கூடாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அப்பா சண்டை போடவில்லை. அன்றிலிருந்து எல்லாரையும் பின்னாலிருந்து வரைந்தார். பிடரி மடிப்பையும் தோளில் துண்டு கிடக்கும் விதத்தையும் வைத்தே ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடும். டீக்கடையில் “இன்னிக்கு யாரு முதுகு?” என்று கேட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கடலூர் வெள்ளத்தில் மிதந்தது. அப்பா போட்ட படத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் சனங்கள் ஒரு பலகையைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்திருப்பார்கள். பலகைமேல் ஒருவர் வேட்டி நனையாமல் நின்று, போட்டோவுக்காக நிவாரணப் பையை நீட்டுவார். அவர் முதுகுதான் தெரியும். மறுநாளே வீட்டு வாசலில் ஆட்கள் வந்து, “கை இருந்தாத்தானே வரைவ?” என்று அம்மாவின் எதிரிலேயே மிரட்டினார்கள். காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார்கள்.

அங்கே இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மொகமே இல்லியே, யாருய்யா இது?” என்றார்.

புகார் கொடுத்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க தலைவரு சார்! சனங்க தலைமேல ஏறி நிக்கிறாரே, பாத்தாலே தெரியலயா?”

“நான் பேரே போடல சார். அவுங்களாத்தான் சொல்றாங்க” என்றார் அப்பா. கான்ஸ்டபிள்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்கள்.

புகார் நிற்கவில்லை. ஆனால் மேலிடத்து நெருக்கடியில் வேலை போனது. படத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்பு எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் தயங்கினார்கள். அப்பா ஆடிப்போனதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். “உனக்காக எழுதிக் குடுத்துடட்டுமாம்மா?” என்று கேட்டார். அம்மாதான் முந்திக்கொண்டு, “ஒரு படத்துக்குப் பயப்படற வூட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்றார்.

இது எப்படியோ மாப்பிள்ளையின் அப்பா காதுக்குப் போக, மறுவாரமே அவர் நேரில் வந்து தட்டு மாற்றினார். என் மாமனாரைப்போல் அப்பாவுக்கு ஒரு ரசிகர் கிடையாது.

அதன்பின் அப்பா செல்போன் வழியாகச் சமூக வலைத்தளங்களில் படம் போட்டார். கணக்கை முடக்குவார்கள், இன்னொன்று தொடங்குவார். வெளிநாடுகளில் கார்ட்டூன் போட்டதற்காகச் சிறையில் கிடப்பவர்களையும் சுட்டுக் கொல்லப்பட்டவர்களையும் பற்றிப் படித்துவிட்டு, “அவுங்க பட்டதுக்கு முன்னால எனக்கு நடந்தது கொசுக்கடிம்மா” என்பார். மருத்துவமனைப் படுக்கையிலும் நர்சிடம் அன்றைய செய்தியைக் கேட்ட பிறகுதான் மாத்திரை போடுவார். இப்படி ஒருவருக்கு மகளாகப் பிறந்ததில் எனக்குத் தலைக்கனமே உண்டு.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், புவனகிரியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தேம்பி அழுத பழைய ஆசிரியருக்கும் எங்கள் நன்றி. இம்மலரை அச்சிட்டவர், “அச்சகத்துப் பேர மட்டும் போட்டுடாதீங்கம்மா” என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. அவருக்கும் நன்றி.

படம் அடுத்த பக்கத்தில் முழு அளவில் இருக்கிறது. அதன் கீழே அம்மா, மாமனார் உட்பட எங்கள் வீட்டார் அனைவரின் பெயரையும் விலாசத்தோடு போட்டிருக்கிறோம்.