என் கல்யாணம் பதிவான டேப்புகள்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஒதியம்பட்டுக்குத் திரும்பியபோது என் அண்ணன் மின்சாரத்தில் சுரம் எழுப்பும் ஒரு சிந்தசைசர் பெட்டியும் ஸ்பூல் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தான். எழுபதுகளின் கடைசி. சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அந்தப் பெட்டியிலோ ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். சூடேறினால் அதுவும் சுருதி நழுவும். ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டு அலமாரிக்கு மேல் ஏற்றினான்.

நான் இறக்கினேன். பி.யு.சி.யில் தோற்று வீட்டில் இருந்தேன், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்தில் ஆண்கள் கரும்புக் கொல்லைக்குப் போனபின் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருப்பேன். எனக்குப் பாட்டு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தோன்றவும் இல்லை. ஒரே சுரத்தைப் பிடித்து, அது கனத்து, மெலிந்து, வேறொன்றாக மாறும்வரை விடமாட்டேன். பதிந்ததன் மேலேயே இன்னொன்றைச் சேர்க்க ரெக்கார்டரில் ஒரு பொத்தான் இருந்தது. கொல்லைகளில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் விழும், சுரமும் மெல்லச் சரியும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சரிவுக்காகவே காத்திருந்து பதிந்தேன். இரண்டு வருடத்தில் நான்கு டேப் நிறைந்தது.

அண்ணன் ஒருமுறை நின்று கேட்டான். “இன்னாடி இது, மாவு மில்லு மாதிரி கீது?”

அம்மாவுக்குப் பிடித்திருந்தது. தலைவலியால் பகலில் கண்ணே மூடாதவள், ஒருநாள் நான் பதிந்துகொண்டிருந்த அறையிலேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். அதற்குப்பின் தலை இடிக்கும்போதெல்லாம், “அத்தப் போடுடி” என்பாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என்னை வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஆடிக்கு அழைத்து வந்தபோது, அண்ணன் பெருமையாக டேப்பைப் போட்டான். நாதஸ்வரம், தவில், யாரையோ பந்திக்குக் கூப்பிடும் சித்தப்பா குரல்.

“என் டேப்புங்க எங்கண்ணா?”

“இதான். நாலுலயும் உன் கல்யாணந்தான். அதுல ஒண்ணும் இல்லியே, ம்ம்ம்னுதான இருந்துச்சி.”

“யாரக் கேட்டு எடுத்த?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நான்தாண்டி எடுத்துக் குடுத்தேன். அதான் கல்யாணம் ஆயிடுச்சே, இன்னாத்துக்கு இனிமே?”

“நீ அத்தக் கேட்டுக்கினுதான தூங்குவ?”

“தலவலிக்கு மாத்தர கீது” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

சிந்தசைசர் பெட்டியையும் அண்ணன் பாகூரில் ஓர் இன்னிசைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். மேடையில் விசில் சத்தம் போடுவதற்கு அது அவர்களுக்கு உதவியதாம். திரும்ப வாங்க முடியுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “வூட்ல பாட்டு வாத்தியார் யாராவது கீறாங்களா?” என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் அண்ணன் அந்த டேப்புகளைப் போடுவான். “உன் கல்யாணம், வந்து கேளு” என்று என்னையும் உட்கார வைப்பான். தவில் ஓயும் இடங்களில் அடியில் என்னுடையது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. நல்ல ரெக்கார்டர், சுத்தமாக அழித்திருந்தது. சித்தப்பா குரல் வரும்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன். ஒருமுறையாவது எழுந்து போயிருக்க வேண்டும்.