மடிப்பில் ஓட்டை

அன்று கூரையில் நான் இருந்தேன். அண்ணை இருந்தார். கீழே நேர்சரியின் பொறுப்பாளர் இருந்தார், ஒரு வெள்ளைக்காரப் பெண். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், மத்தியானத்துக்குப் பிறகு அவர்களுக்கு நித்திரை. முதலாளி வரவில்லை. அவர் வெம்பிளியில் வேறொரு வேலையில் நின்றார். போனில் மட்டும் இருந்தார்.

இடம் லண்டன், வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பின்தெரு. நேர்சரியின் கூரையை எங்கள் ஆட்கள் தகரக் கூரை என்பார்கள். உண்மையில் அலுமினியம். நீளத் தகடுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஓரங்களைச் சேர்த்து நிமிர்த்தி மடித்திருப்பார்கள். அந்த மடிப்புத்தான் கூரையைக் காப்பது. வெளியே ஒரு ஆணியும் தெரியாது.

போன குளிர்காலம் அந்தக் கூரையில் ஸ்னோ இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் வெயில் பட்டதும் மொத்தமாகச் சறுக்கி வாசலில் விழுந்தது. அங்கே ஒரு தள்ளுவண்டி நின்றது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு நிமிடம் ஆகவில்லை. வண்டி நசிந்துவிட்டது. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

வேலை சின்னது. ஒவ்வொரு மடிப்பையும் ஒரு கிளாம்ப் கவ்விப் பிடிக்கும். கிளாம்புகளுக்கு மேல் குறுக்கே ஒரு கம்பி. அது ஸ்னோவைத் தடுத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருக விடும். கிளாம்பின் ஸ்குரூவுக்குக் கூர் இல்லை, முனை மொட்டை. மடிப்பை அமுக்கும், துளைக்காது. அளவு வந்ததும் டிக் என்று சத்தம் போடும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். குறைய இறுக்கினால் வழுக்கும். கூட இறுக்கினால் மடிப்பு நசியும். துளைத்தால் கூரையின் உத்தரவாதம் போகும், தண்ணீர் வரும்.

அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். சொந்தம் இல்லை. சுவிஸில் இருபது வருடம் ரெஸ்டோரண்ட் குசினியில் நின்றுவிட்டு இங்கே வந்தவர். இங்கே எடுத்த வேலைகள் ஒன்றும் நிலைக்கவில்லை. முதலாளி என் சொல்லை நம்பித்தான் எடுத்தார். இரண்டு கிழமைக்கு முன் அண்ணை மழைத்தண்ணீர் ஓடும் ஒரு பீலியை வாட்டம் மாறிப் பூட்டிவிட்டார், தண்ணீர் சுவருக்கு ஓடியது. இன்னொரு பிழை வந்தால் ஆள் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணைக்கும் அது தெரியும். டூட்டிங்கில் இருந்து விடியற்காலை வெளிக்கிட்டு வருவார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

ஏறும்போதே எனக்கு முழங்கால் நொந்தது. அவருக்கு இடுப்பு. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

"லண்டன் ஸ்னோவுக்கு உது தேவையோ?" என்றார் அண்ணை. "சுவிஸ்காரன் கண்டால் சிரிப்பான். ஒரு குடை பிடிச்சால் காணும்."

"நீங்கள் சுவிஸில ஸ்னோவை ஃபிரிட்ஜுக்குள்ளதானே கண்டனீங்கள்."

"குசினிக்கும் ஜன்னல் இருக்கு, தம்பி."

மேல் வரிசை எனக்கு, கீழ் வரிசை அவருக்கு. அந்த ஸ்பானர் ஒன்றுதான் இருந்தது. அவர் கிளாம்பைக் கையால் பூட்டிக்கொண்டு வருவது, நான் முடித்ததும் ஸ்பானரைக் கொடுப்பது என்று பேச்சு. தகட்டில் காலைப் பனி ஈரம் இன்னும் காயவில்லை. நான் என் வரிசையைப் பார்த்து இறுக்கிக்கொண்டு போனேன். குனிந்தால் நிமிர ஏலாது, நிமிர்ந்தால் குனிய ஏலாது. கீழ் வரிசையில் ட்ரில் சத்தம் கேட்டபோதும் கம்பிக்கு என்று நினைத்து, அவர் பக்கம் பார்க்கவில்லை.

மத்தியானம் கீழே இறங்கிப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். திரும்ப ஏறி, ஸ்பானரைக் கொடுக்க அவர் வரிசைக்குப் போனேன். ஒரு மடிப்பின் அடியில் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டேன். உலோகச் சீவல். ட்ரில் பிடித்தால்தான் அப்படி வரும்.

அந்தக் கிளாம்பைக் கழற்றினேன். மடிப்பில் ஓட்டை. மொட்டை ஸ்குரூ போக வேண்டிய இடத்தில் வேறு வேலைக்கென்று என் கருவிப் பையில் இருந்த கூர் ஸ்குரூ.

"அண்ணை, இதென்ன?"

"வழுக்கிச்சுது. அதுதான் கூர் ஸ்குரூ ஒண்டு குடுத்தன். இனி யானை இழுத்தாலும் வராது."

"மடிப்பிலயோ?"

"பின்ன எங்க? பள்ளத்தில அடிச்சால் தண்ணி உள்ளுக்க போகும். மேட்டிலதானே அடிக்கிறது. நான் போடாத தகரமே? வன்னியில எத்தினை கொட்டிலுக்குப் போட்டனான்."

அங்கே அது சரிதான். நெளி தகரத்துக்கு மேட்டில்தான் ஆணி. பள்ளத்தில் அடித்தவனைத்தான் ஏசுவார்கள். சண்டையில் இடம்பெயரும் போதெல்லாம் அந்தத் தகரத்தைக் கழற்றிச் சுமந்து, போன இடத்தில் திரும்ப அடித்தவர்கள் நாங்கள். கை தானாக மேட்டுக்குப் போகும். வேலைக்கு வந்த புதிதில் என் கையும் போனது. பக்கத்தில் நின்ற போலந்துக்காரர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அண்ணைக்குப் பக்கத்தில் நான் நிற்கவில்லை.

"இதில மேடுதான் கூரை, அண்ணை. அதில ஓட்டை விழுந்தால் தண்ணி உள்ளுக்க இறங்கும். பிள்ளையள் படுக்கிற இடம்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"எனக்கு ஆரும் சொல்லேல்லை," என்றார்.

"ஓம். நான் சொல்லேல்லை."

முதலாளிக்குப் போன் எடுத்தேன். கையுறை போட்ட கையால் காதில் பிடிக்க ஏலாது, ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"உன்ரை ஆள்தானே," என்றார்.

"ஓம். பக்கத்தில நிண்டு காட்டாதது என்ரை பிழை."

"உன்ரை பிழையை அங்கால வை. எத்தினை எண்டு கேள். ரெண்டு மூண்டு எண்டால் நேர்சரிக்குச் சொல்லிப்போட்டு நானே வந்து அடைச்சு விடுறன். அதுக்கு மேல எண்டால் தகடு மாத்த வேணும். கூரை போட்ட கம்பெனியைக் கூப்பிட வேணும். அப்ப அவர் நாளைக்கு வர வேண்டாம். விளங்குதோ?"

அண்ணைக்கும் கேட்டது.

அவருடைய வரிசையில் இருபத்தாறு கிளாம்ப். வெளியே எல்லாம் ஒரே மாதிரி, ஸ்குரூவின் தலை மட்டும்தான் தெரியும். எதற்குள் கூர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மூன்று என்று சொன்னால் மூன்றுதான். நான் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. மூன்று என்று சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன்.

கீழே ஒரு பிள்ளை எழும்பி அழுதது. யாரோ தூக்கியிருக்க வேண்டும், நின்றுவிட்டது.

"என்ன, எத்தினையாம்?" என்றார் முதலாளி.

"நில்லுங்கோ, பாக்கிறார்."

அண்ணை வரிசையின் தொடக்கத்துக்குப் போனார். முழங்காலில் நகர்ந்து, ஒவ்வொரு கிளாம்பாக விரல் வைத்துக்கொண்டு வந்தார். சிலதைத் தாண்டினார். சிலதில் நின்று, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பக்கத்தில் புள்ளி வைத்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நிமிரவில்லை. கடைசி மடிப்பு வரை போனார். அங்கேயே இருந்துகொண்டு, போனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பதினொண்டு."