ஜில்லுவைக் கூப்பிட்ட நாள்

எட்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். அப்போது நாங்கள் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் குடியிருந்தோம். என் கணவர் கடலுக்குப் போவார். நான் மற்ற பெண்களோடு ஏரியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பேன். எங்களுக்கு ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஜில்லு.

ஜில்லு எங்கள் நாய். செம்பட்டை நிறம், இரண்டு வயது. சும்மா இருக்கவே அதற்குத் தெரியாது. காயப்போட்ட கருவாட்டை இழுக்கும், அடுத்த வீட்டு ஆட்டை விரட்டும், பறவை இறங்குவதைப் பார்த்தால் சேறென்றும் பாராமல் பாய்ந்து ஓடும். தினமும் யாராவது ஒருவர் புகாரோடு வீட்டுக்கு வந்து நிற்பார்கள்.

அதை அடக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். வந்ததும் கயிற்றால் இரண்டு போடுவேன். ஒருமுறை தடுப்பூசி போட அக்கரைக்கு அழைத்துப் போனபோது, கையிலிருந்து உருவிக்கொண்டு அங்கிருந்த பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. சுற்றிப் பார்க்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கூப்பிட்டேன். வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அடித்தேன்.

மகள் அதை ஒருநாளும் அடித்ததில்லை. கூப்பிட்டு வந்தால் தடவிக்கொடுப்பாள், ஒரு மீன் தலை போடுவாள். அவளுக்கு மட்டும் அது அடங்கும். "ஓடும்போது வுட்டுட்டு வந்தப்பறம் அடிக்கிறியேம்மா. வந்ததுதான் தப்புன்னு நெனைச்சுக்காதா அது?" என்று ஒருநாள் கேட்டாள். படிப்பைப் பார் என்று அவளை அதட்டினேன். அதன் பிறகு நான் கூப்பிட்டால் ஜில்லு தயங்கி நிற்க ஆரம்பித்தது. திமிர் ஏறிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டேன்.

அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஏரி நடுவில், தண்ணீர் இறங்கும்போது மட்டும் வெளியே தெரியும் ஒரு மணல் திட்டுக்கு ஆறு பெண்கள் படகில் போனோம். படகைச் செலுத்தியவர் என் கொழுந்தனார். கிளம்பும்போதே ஜில்லு தாவி ஏறிக்கொண்டது. கரைக்குத் திரும்பி இறக்கிவிட யாருக்கும் பொறுமை இல்லை.

மதியம் காற்று திடீரென்று திரும்பியது. கிழக்கே வானம் கறுத்து வந்தது. தண்ணீர் ஏற ஏறத் திட்டு சுருங்கிக்கொண்டே போனது. எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினோம். ஜில்லு மட்டும் பறவைகளைத் துரத்திக்கொண்டு மறு முனையில் நின்றது.

கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது. காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் பத்தடி முன்னால் போனால் அது பத்தடி பின்னால் போனது. பயத்தில் கத்தினேன். என் பயமும் கோபமும் ஒரே குரல்தான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. குரலைத் தணித்து, இறாலோடு அகப்பட்டு மடியில் போட்டிருந்த மீன் ஒன்றை எடுத்துக் காட்டினேன். மெல்ல எழுந்தது. தரையோடு தரையாக, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டது. அந்த மீனை அதன் பக்கமாக எறியலாம் என்று கையை ஓங்கினேன்.

ஓங்கிய கையைத்தான் அது பார்த்தது. ஒரே ஓட்டமாகப் பழைய இடத்துக்கே ஓடிவிட்டது.

"அண்ணி, வந்து ஏறுங்க. இனிமே நின்னா ஒருத்தரும் வூடு போய்ச் சேர மாட்டோம்" என்றார் கொழுந்தனார். படகிலிருந்த ஐந்து பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். ஏறினேன்.

படகு நகர்ந்ததும் ஜில்லு தண்ணீர் ஓரம் வரை ஓடி வந்தது. குரைத்தது. பிறகு தண்ணீரில் இறங்கி எங்கள் பின்னால் நீந்த ஆரம்பித்தது. படகைத் திருப்பச் சொல்லிக் கொழுந்தனாரிடம் கெஞ்சினேன். அந்த அலையில் குறுக்கே திருப்பினால் படகு கவிழ்ந்துவிடும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதன் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு மழை மறைத்துவிட்டது.

காற்று அடங்கிய பிறகு இரண்டு நாள் என் கணவர் ஏரி முழுக்கத் தேடினார். ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு கிராமம் வரை போய் விசாரித்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

மகள் அழுது தீர்ப்பாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "நீ எப்டிம்மா கூப்ட்ட?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஜில்லுவைப் பற்றிப் பேசியதில்லை.

போன வருடம்கூட ஒருவர் குட்டி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அவசரத்துக்கு அன்பாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் அத்தனை நாளும் இருந்தேன். கூப்பிட்ட நேரத்தில் அதன் காதில் விழுந்ததோ, இரண்டு வருடமாக நான் கூப்பிட்டு அடித்துப் பழக்கிய குரல்தான்.