சாரல் விருந்தாளிகளும் ஏறாத வைஃபையும்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி வட்டம் சுற்றும். 'இணைக்கிறது' என்று சொல்லும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு, 'இந்த நெட்வொர்க்கில் இணைக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிடும். காலைப் பலகாரம் முடிந்ததிலிருந்து இதே கதைதான்.

பதினொரு மணிக்கு மதுரை டாக்டர் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்துவிட்டது, நேரில் வர முடியாவிட்டால் வீடியோவிலேயே பேசலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். அன்றைக்கு விட்டால் டாக்டர் வெளிநாடு போகிறார், திரும்பி வர இரண்டு வாரமாவது ஆகும். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அத்தனை நாள் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேரிலேயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போவது, வீடு நிறைய ஆள். மகளுக்குக் கல்யாணம் ஆகி வந்த முதல் சாரல் அது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டால், இலஞ்சியில் வீடு வைத்திருப்பவன் சம்பந்தி வீட்டாரைக் குளிக்கக் கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் அவர்களும் இரண்டு பேராக வர மாட்டார்கள். ராயகிரியிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, எங்கள் மகள், மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், பிள்ளைகள். வேன் டிரைவரும் எங்கள் மாடியில்தான் படுத்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துக்கொண்டே வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டார்கள். நானும் பெருமையாக அதை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, ஹாலில் சாமி படத்துக்குக் கீழே மாட்டினேன்.

கட்டி விஷயம் அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் மகளுக்கே தெரியாது. "அவங்க வேன் ஏறுத வரைக்கும் மூச்சு விடப்பிடாது. மொத சீசனுக்கு வந்த எடத்துல நோய்க் கதையா சொல்லுவாங்க?" என்று மனைவி கண்டித்துச் சொல்லியிருந்தாள். அவளுக்குச் சம்பந்தியம்மாவைக் கண்டால் உள்ளூர ஒரு பயம். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்று நாலு பேர் கேட்கச் சொன்ன அம்மாள் அவர். எனக்கும் பயம்தான், நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

சரி, கம்ப்யூட்டர் போனால் போகட்டும், என் போனில் பேசிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். பால் வாங்கப் போகும்வரை அதில் வைஃபை இருந்தது. போய்விட்டு வந்தால் அதுவும் ஏறவில்லை. சிம் நெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீசனில் ஊர்பட்ட ஜனம் இங்கே ஈரத் தலையோடு நின்று போட்டோ அனுப்பிக்கொண்டிருக்கும்போது டவர் என்ன செய்யும்? மனைவியின் போன் முந்தின நாள் ஐந்தருவியில் நனைந்து அரிசிப் பானைக்குள் கிடந்தது.

ஹாலில் எல்லார் போனிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு போனில் பாட்டு, ஒரு போனில் கிரிக்கெட், ஒரு போனில் யாரோ ஒருத்தி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். என் வீடு, என் வைஃபை, எனக்கு மட்டும் இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அலமாரி மேல் இருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

"யப்பா, நெட்டு போயிட்டு!" என்று மகள் சத்தம் போட்டாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. திரும்பப் போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் பழைய கம்ப்யூட்டர் அசைந்து கொடுப்பதற்குள் மீன் குழம்பு மறுபடி கொதிக்க ஆரம்பித்திருந்தது.

பேசுவதற்கு மட்டும் சிக்னல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போட்டால், முடிவை டாக்டர் வெறும் போனில் சொல்ல மாட்டார், வீடியோவில்தான் என்றார்கள். வைஃபை இணைப்பு கொடுத்த கேபிள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "வீட்டுல சீசன் ஆளு வந்துருக்காங்களா சார்?" என்றாள்.

"ஆமா, அதுக்கென்ன?"

"அந்தப் பெட்டிக்கு இத்தன போனுதான்னு ஒரு அளவு இருக்கு சார். அதுக்கு மேல ஒண்ணு ஏறாது. சாரல் விழுந்தா எங்களுக்கு இதே கம்ப்ளெயின்ட்தான். ஆள் வந்து மாத்திவிட சாயங்காலம் ஆயிரும். அவசரம்னா பெட்டியோட ஒரு நீல வயர் குடுத்திருப்போம்லா, அத நேரா கம்ப்யூட்டர்ல சொருவுங்க."

நீல வயர் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். சாரல் நாட்களில் துணி காயாது. அத்தனை பேரும் இரண்டு வேளை அருவிக்குப் போய் வந்ததில் கொடிக்கயிறெல்லாம் நிரம்பிப்போய், முந்தின நாள் நானே அந்த வயரை எடுத்து, இரண்டு முனையிலும் இருந்த பிளாஸ்டிக் கொண்டையை வெட்டி எறிந்துவிட்டு, பின்கட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் இழுத்துக் கட்டியிருந்தேன். சும்மா கிடந்த வயருக்கு ஒரு வேலை கொடுத்தேன் என்று பெருமை வேறு. இப்போது அதில் சம்பந்தியின் ஈர வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஹாலுக்குப் போய், போனை அணையுங்கள் என்று கேட்கவேண்டும். நான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ சீசனில் பேரருவியில் பந்தோபஸ்து பார்த்திருக்கிறேன். விசில் ஊதி, "குளிச்சது போதும், நகரு நகரு" என்று ஒரு அதட்டல் போட்டால் தண்ணீருக்கடியில் நிற்கிற கூட்டம் கலைந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் என் வீட்டு ஹாலில் வாய் வராமல் நின்றேன். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னாலிருந்து இலையை எடுக்கிற மாதிரி இருந்தது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் போன அமத்தி வைங்க. பேங்குல ஒரு அவசர வேலை" என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"அதுக்கென்ன மாமா" என்றார் மாப்பிள்ளை. எல்லாரும் அமத்தினார்கள், திரையை மட்டும். பக்கத்து அறைக்கு வந்து கம்ப்யூட்டரைத் தட்டினால் அதே வட்டம், அதே பதில். பேங்க் வேலைக்காக யார் போனை முழுசாக அணைப்பார்கள்?

பதினொன்று ஆகப்போகிறது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன், அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். பின்னால் மனைவி வந்து நின்றாள். நல்ல சேலை உடுத்தி, தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். டாக்டர் பார்ப்பாரே என்று தயாராகி வந்திருக்கிறாள்.

"கெடைக்கலியா?"

"நீ போ. நான் பாத்துக்கிடுதேன்" என்று வள்ளென்று விழுந்தேன்.

அவள் ஹாலுக்குப் போனாள். என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்து நான் எழுந்திருப்பதற்குள் அவள் குரல் கேட்டது.

"எனக்கு மாருல கட்டி இருக்கு. புத்துநோயா இல்லியான்னு இப்பம் டாக்டர் சொல்லப்போறாரு. எல்லார் போனும் அமந்தாத்தான் அவரு கம்ப்யூட்டர்ல வருவாரு."

மகள் "யம்மா" என்றாள். நான் போய்ப் பார்த்தபோது சம்பந்தியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். முதல் சீசனுக்கு வந்த இடத்தில் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் மூலையில் இருந்த பிளாஸ்டிக் கூடையை எடுத்தார். அருவிக்குக் கொண்டுபோகிற கூடை. எண்ணெய்ப் பாட்டிலையும் சீயக்காயையும் சோப்பு டப்பாவையும் தரையில் கொட்டிவிட்டு, கூடையை நடுஹாலில் நீட்டினார்.

"எல்லாரும் போன இதுல போடுங்க."

"சுவிட்ச் ஆஃப் பண்ணுனா போதும்மா" என்றார் மாப்பிள்ளை.

"அந்தச் சங்கதியெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் முன்ன அண்ணாச்சி சொன்னப்பமும் அமத்திட்டோம்னுதானலே சொன்னிய. போடு."

போட்டார்கள். என் போனையும் வாங்கிப் போட்டார். மாடியில் இருந்த டிரைவரைக் கூப்பிட்டு அவர் போனையும் போடவைத்தார். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, கூடையை இடுப்பில் இடுக்கி, முந்தானையால் சுற்றிக்கொண்டு சாரலில் இறங்கினார்.

"குடை, மதினி!" என்று என் மனைவி கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தென்னந்தோப்புத் திருப்பம்வரை வேகமாக நடந்து, வளைந்து மறைந்துவிட்டார்.

நான் பெட்டியை அணைத்துப் போட்டேன். வட்டம் சுற்றியது. 'இணைக்கப்பட்டது' என்று வந்ததும் நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன்.

டாக்டர் ஏற்கெனவே காத்திருந்தார். "கூட யாரும் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள். கதவடியில் வேன் முழுவதும் நின்றது.

"எல்லாரும் இருக்கோம் சார்" என்றாள்.

கட்டி கெட்ட கட்டிதான் என்றார் டாக்டர். பரவவில்லை, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, ஆபரேஷன் செய்து மருந்து எடுத்தால் குணமாக்கலாம், ஆபரேஷன் செய்கிற டாக்டரை மறுநாளே வந்து பாருங்கள் என்றார். குணமாக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையை, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி மறுபடியும் சொல்லவைத்தேன். உண்மையில் லைன் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள்தான் கேட்டாள், "அத்தைய எங்க?"

பேசி முடித்துவிட்டோம் என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. போன் போட்டுச் சொல்லலாம் என்றால் போனெல்லாம் அவரிடம்தான் இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திருப்பத்தில், ஒரு தென்னைக்கு அடியில் நின்றிருந்தார். உச்சி முதல் கால்வரை நனைந்து, கூடை மட்டும் முந்தானைக்குள் பத்திரமாக இருந்தது.

"லைன் கெடச்சுதா அண்ணாச்சி?"

"கெடச்சுது மதினி."

"பேசியாச்சா? நான் பாட்டுக்கு வந்து லைன அத்துவிட்டுறப்பிடாதேன்னு நின்னேன்."

"பேசியாச்சு."

என் முகத்தைப் பார்த்தார். குடையை அவர் தலைக்கு நேரே பிடித்தேன், அவர் அதைக் கூடைக்கு மேலே தள்ளிவிட்டார். இருவரும் நடந்தோம். வீட்டை நெருங்க நெருங்க, துண்டுக்கடியில் போன்கள் ஒவ்வொன்றாக வைஃபை கிடைத்துச் சத்தம் போட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நடுத்தெருவில் நின்று கேவிக் கேவி அழுதேன்.

சம்பந்தியம்மாவும் நின்றுவிட்டார்.

"வீட்டுல மதினி முன்னால அழுதிராதீய. இங்கனயே அழுது முடிச்சிட்டு வாங்க. நான் நிக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, சத்தம் போடுகிற கூடையோடு மறுபடி தெருமுனைப் பக்கம் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாரலில் நின்றார்.