அந்தக் கடைப் பெயர் போட்ட பனியன்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். என் மகள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் மாணவர்களோடு அவள் வகுப்புப் பிள்ளைகள் மாதந்தோறும் வீடியோவில் பேசுவார்கள். சமூக நீதிதான் பேச்சு.

ஒருமுறை அங்கே ஒரு மாணவி, நாங்கள் தைத்து அனுப்பும் கடையின் பெயரை நெஞ்சில் போட்ட பனியன் அணிந்திருந்தாளாம். "அது எங்கம்மா தைக்கிறது" என்று என் மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சரக்கைக் கப்பலுக்கு அனுப்பும் ஷிப்மென்ட் சமயத்தில் நான் நேரம் கழித்தே வீடு திரும்புவதையும் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் மனம் வருந்தி, இனி அந்தக் கடையில் யாரும் வாங்கக் கூடாது என்று பிரசாரம் செய்யப் போவதாகச் சொன்னார்களாம்.

மறுநாளே வகுப்பாசிரியையான சிஸ்டரைப் பார்த்தேன். "அவங்க வாங்காட்டி எங்களுக்குத் தைக்க வேலை இருக்காதுங்க, சிஸ்டர்."

"அத நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்றார் சிஸ்டர்.

அன்று சாயங்காலமே அவர்களை வீடியோவில் அழைத்துப் பேச வைத்தார். நான் பேசப் பேச, மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். "வாங்கறத நிறுத்தாதீங்க கண்ணுகளா. ஆர்டரக் கொஞ்சம் முன்னாடியே கொடுக்கச் சொல்லி அந்தக் கடைக்காரங்ககிட்டக் கேளுங்க. நாங்க நேரத்துல ஊட்டுக்குப் போயிருவோம்."

அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த வீடியோ நாளில் நான் பர்மிஷன் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்காகத்தானே பேசுகிறார்கள், நான் இல்லாமல் எப்படி?