பன்னிரண்டு பக்கத்திலும் அவள் முகம்

இருபத்திரண்டு வருடமாக நான் குழந்தைகளுக்கு நீதி சொல்லிப் பிழைக்கிறேன். எழுதுகிறவர் வேறு, படம் மட்டும்தான் நான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நீதி போய்ச் சேருவது படத்தின் வழியாகத்தானே. முயலும் ஆமையும் ஆறு தடவை வரைந்துவிட்டேன். காக்காயும் நரியும் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. பதிப்பகத்தில் எனக்கு "முயல்காரர்" என்றுதான் பெயர்.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. அவசரத்துக்கு முகம் பிடிபடவில்லையென்றால் தெரிந்தவர் முகத்தை எடுத்து ஒட்டிவிடுவோம். நரிக்கு மேனேஜரின் தாடை. பேராசைக்கார நாய்க்கு என் மாமனாரின் கண். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை, மாமனார் உட்பட. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றுதான் வரும். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே நச்சரிப்பு, "என்னைய ஒரு புக்ல போடு மாமா" என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்து வரைந்தேன். சிங்கத்தைக் காப்பாற்றும் எலிக்கு ஒரு தோழி வேண்டும், அது நீதான் என்றேன். கத்து, சிரி, அழு என்று நான் சொல்லச் சொல்ல அப்படியே செய்தாள். இரண்டு மணி நேரம் இடத்தை விட்டு அசையவில்லை. "நல்லவளா வரணும் மாமா," என்று மட்டும் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

எலிப் புத்தகம் நின்றுபோனது. அடுத்த வாரமே மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"புலி வருது கதை, பழசுதான். ஆனா இந்தத் தடவை ஆடு மேய்க்கிறது பொண்ணா இருக்கட்டும். பன்னிரண்டு படம், நாலே நாள், முயல்காரரே."

கத்துகிற முகமும் சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் மேஜை மேலேயே கிடந்தன. சோம்பேறிப் பயல், ஒரு நிமிடம் யோசித்தேனா? மச்சத்தைக்கூட எடுக்கவில்லை, அது இருந்தால் முகத்துக்கு எடுப்பாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் அழுகிறாள். கீழே கட்டம் போட்டுக் கொட்டை எழுத்தில் நீதி: "பொய் சொல்பவர் உண்மை சொன்னாலும் உலகம் நம்பாது."

அந்தப் புத்தகம் அவள் பள்ளிக்கூடத்து நூலகத்துக்கே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. போனது. ஒரு சாயங்காலம் அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது யாருடா?"

"சும்மா ஒரு பொண்ணுக்கா."

"பெத்தவளுக்குத் தெரியாதா? வகுப்புல அவ வாயத் தொறந்தா போதும், எல்லாரும் புலி வருது, புலி வருதுன்னு கத்துறாங்களாம். உடம்பு சுடுதுன்னு சொன்னதுக்குக்கூட நம்பாம சிரிச்சிருக்காங்க. பத்து நாளா அங்க பேசுறதே இல்ல. பொய்னா என்னன்னே தெரியாத புள்ளடா அது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"நீயே வந்து சொல்லு. அவ பொய்க்காரி இல்ல, நான்தான் அவகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு வரைஞ்சேன்னு அந்தப் புள்ளைங்க முன்னாடி சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு நாளாகக் குளிக்கும்போதும் பல் விளக்கும்போதும் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். "நாம படிக்கிற புக்குக்கெல்லாம் படம் போடுறது இவருதான்," என்று டீச்சர் சொன்னதும் முப்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். மூலையில் உட்கார்ந்து கோடு கிழிக்கிறவனுக்கு யார் கைதட்டியிருக்கிறார்கள்? பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வரிசையில் என் அக்கா மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மாமா வந்து எல்லாவற்றையும் சரியாக்கிவிடுவார் என்று சொல்லித்தான் அக்கா அனுப்பியிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "அங்கிள், புலி வருது புக்ல இருக்கிற பொய்க்காரி இவதானே?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "சொந்தக்காரப் புள்ளைய யாராவது அப்படி வரைவாங்களா? என்ன சார்?"

வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. இப்போது ஒப்புக்கொண்டால் இந்த முப்பது முகமும் மாறிப்போகுமே என்று நினைத்தேன். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு சமாதானமும் கூடவே வந்தது. அயோக்கியனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

"இல்லப்பா. அது கற்பனை. நான் யாரையும் பாத்து வரையல."

"மச்சம்கூட அதே மாதிரி இருக்கே," என்றான் அவன்.

டீச்சர் அவளிடமே கேட்டார். "நீ சொல்லும்மா. மாமா உன்னைப் பாத்து வரைஞ்சாரா?"

எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இல்ல டீச்சர். மாமா என்னைய வரையவே இல்ல."

"பொய் சொல்றா டீச்சர்," என்றான் பையன். இத்தனை நாளில் அன்றுதான் அவர்கள் சொன்னது உண்மை. பின்வரிசை "புலி வருது" என்று ஆரம்பிக்க, வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் அவர்களை அதட்டி உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு முயல் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மணி அடித்ததும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "நான் சரியாத்தானே சொன்னேன் மாமா?" என்றாள். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்யத் துப்பு இருந்தது எனக்கு? கேட்டுக்கு வெளியே அக்கா காத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை காட்டினாள்.

பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா கேட்டா என்ன சொல்லணும் மாமா?"